நேராகப் பார்க்கவும்

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை.
மற்ற நாளெல்லாம் நான்
பாஸ்போர்ட் படம் எடுக்கிறவள்.
தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள்.
சிரிக்க வேண்டாம்.
காது தெரியட்டும், முடியை ஒதுக்குங்கள்.
ரீகாவில் பாதிப் பேர்
என் பேச்சைக் கேட்டு
முகத்தைத் துடைத்து வைத்தவர்கள்தான்.

இன்று பதினோராம் எண் டிராமில் ஏறி
ஏரிக்கரை மிருகக்காட்சிசாலைக்கு வந்தேன்.
மார்ச் மாதம்.
ஓரமாய் ஒதுக்கிய பனி
கரி படிந்து கிடக்கிறது.
ஒட்டகச்சிவிங்கிக்கு நல்ல கூட்டம்.
முள்ளம்பன்றிக்கு நான்,
அப்புறம் தள்ளுவண்டியோடு ஓர் இளைஞன்,
வண்டிக்குள் தூங்கும் குழந்தை.

பன்றி என்கிறோம், எங்கள் மொழியிலும் பன்றிதான்.
எலிக்கு உறவு என்கிறது பலகை.
கேட்டால் இரண்டுமே மறுக்கும்.
மரப்பெட்டிக்குள் இரண்டு முதுகுகள்,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து.
படுத்த முள் குத்தாது போலிருக்கிறது.

முக்கால் மணி நேரம்.
விரல் மரத்துப்போனது.
டாக்மாரா வாளியோடு வந்தார்,
உள்ளே டர்னிப்பும் பூசணித் துண்டும்.
வாளிச் சத்தத்துக்கு ஒன்று எழுந்தது,
ஈர்க்குமாறு ஒன்று
தானாக நடந்து வருவதுபோல வந்தது.

எடுத்தேன்.
கேமரா கம்பியைப் பிடித்துக்கொண்டது, மிருகத்தை விட்டுவிட்டது.
எடுத்தேன்.
பின்புறம்.
எடுத்தேன்.
வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு,
எங்கே தலை என்று எனக்கே தெரியாத படம்.

"என் மகனும் இப்படித்தான்" என்றான் இளைஞன்.
ஆறு வாரம். பெயர் ஔஸ்த்ரிஸ்.
அம்மா நார்வேயில், மீன் தொழிற்சாலையில்.
போய்ச் சேர பாஸ்போர்ட் வேண்டும்.
இரண்டு முறை படம் திரும்பி வந்துவிட்டது.
கண் மூடியிருக்கிறதாம்.
"எப்போதும் தூக்கம்" என்றான்,
மன்னிப்புக் கேட்கிறவன்போல.

அந்த நேரம் பார்த்து
பெட்டிக்குள்ளிருந்து இரண்டாவதும் வந்து
டர்னிப்பில் வாய் வைத்தது.
முதலாவதுக்குக் கோபம்.
முதுகு முழுக்க எழுந்து நின்றது.
வாலை உதறியது,
டப்பாவில் போட்ட உலர்ந்த பட்டாணிபோல
கலகலகலவென்று.

ஔஸ்த்ரிஸ் கண்ணைத் திறந்தான்.

அழவில்லை. சிரிக்கவில்லை.
வாய் மூடியிருந்தது.
பின்னால் வெள்ளைப் போர்வை, நிழலில்லாமல்.
எத்தனை விதி உண்டோ
அத்தனையும் ஒரு விநாடிக்கு
அந்த வண்டிக்குள் கூடி நின்றன.
எனக்கு யோசிக்க நேரமில்லை, கை தானாகத் திரும்பியது.

ஒரே ஒரு படம்.
அதற்குள் அவன் முகம் கோணி,
அழுகை தொடங்கிவிட்டது.

"நாளைக்குக் கடைக்கு வா, அச்செடுத்துத் தருகிறேன்"
என்று முகவரி எழுதிக் கொடுத்து நிமிர்ந்தால்
கூண்டு காலி.
மண்ணில் ஒரு முள், பாதி கடித்த டர்னிப்.

"கோட்டைவிட்டாயே" என்றார் டாக்மாரா.
"நீ அந்தப் பக்கம் திரும்பினாய்,
அது கம்பிக்கிட்டே வந்து
உன்னையே பார்த்துக்கொண்டு நின்றது, நேராக,
ஆடாமல், அசையாமல்."

"காது தெரிந்ததா?"

யோசித்தார்.
"தெரிந்தது. சின்னதாக,
மனுஷக் காது மாதிரி."