இரண்டு கை அகலம்

போனை எடுத்ததும் முதலில் மூச்சுதான் வந்தது.
பிறகு பெயர்: ஐவிஸ். எடோலே பக்கத்துக் காடு.
கலைமான், கொம்பில் எட்டுக் கிளை, நூற்றுப்பத்து மீட்டர்.
"தோளுக்குப் பின்னால்தான் போட்டேன் வெல்கா,
சரியாகத் தோளுக்குப் பின்னால்."

எல்லோரும் தோளுக்குப் பின்னால்தான் போடுகிறார்கள்.
பதினேழு வருடமாக இந்தப் போனில்
வேறெங்கும் பட்டதாக ஒரு மானும் இல்லை.

பட்டதும் என்ன செய்தது என்று கேட்டேன்.
துள்ளியதா? பின்னங்காலை உதைத்ததா?
யோசித்தான்.
"முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாக
நடந்து போனது,
வயிற்றுவலிக்காரன் பேருந்துக்குப் போவதுபோல."

மேடையிலேயே உட்கார், என்றேன்.
இறங்காதே. விளக்கு அடிக்காதே.
பின்னால் நீ ஓரடி வைத்தால்
அது மூன்று கிலோமீட்டர் வைக்கும்.
விடியட்டும்.

"இரவு முழுக்கவா?"

ஆமாம். அதற்கும் இரவு முழுக்கத்தான்.

நவம்பரில் எட்டு மணிக்குத்தான் வெளிச்சம்.
மேலிருந்து கைநீட்டினான்: அந்த வளைந்த பிர்ச்சுக்கு இடப்பக்கம்.
மண்டியிட்டேன்.
உறைபனிக்குள் ஒரு சிட்டிகை மயிர்,
நீளம், வெளிர், நுனி வெள்ளை.
தோள் மயிர் இப்படியிருக்காது.
பக்கத்தில் ஒரு துளி. நுரை இல்லை.
நுரைத்த சிவப்பென்றால் நுரையீரல்;
நேற்றே உரித்துவிட்டுக் காபி குடித்திருப்போம்.
விரலில் தேய்த்து முகர்ந்தேன்:
அரைத்த புல், புளிப்பு.
விரலை அவனிடம் நீட்டினேன். அவனும் முகர்ந்தான்.
தொப்பியைக் கழற்றினான்,
மறுபடி போட்டுக்கொண்டான்.

குறி தப்பிய இடத்தில்தான்
எனக்குக் குறிகள் தொடங்குகின்றன.

ஸ்மில்காவின் கழுத்தில் பத்து மீட்டர் வார்.
மூக்கு அவளுடையது, தாமதம் என்னுடையது.
பெரணியின் அடிப்புறம், என் முழங்கால் உயரத்தில், ஒரு கீற்று.
நாற்பது எட்டு ஒன்றுமில்லை.
விழுந்த மரத்தைத் தாண்டாமல் சுற்றிப் போயிருக்கிறது,
தாண்ட முடிந்திருந்தால் தாண்டியிருக்கும்.
ஓடைக்கரையில் அவள் குழம்பினாள்.
கடைசித் துளியின்மேல் ஐவிஸை நிறுத்தினேன்,
அசையாதே, இப்போது நீதான் அடையாளம்.
நாங்கள் வட்டமடித்துத் திரும்பும்வரை
ஒற்றைக் காலில்போல் நின்றான்.

அக்கரையில் படுக்கை.
சுற்றிலும் பனி வெள்ளை, நடுவில்
மான் அளவுக்கு ஈரக் கறுப்பு.
காலி.
"நான் துரத்தவில்லையே."
இல்லை, நீ துரத்தவில்லை.

அதற்கப்புறம் ஆல்டர் சதுப்பு.
தலை தூக்கியிருந்தது, கால்கள் மடிந்திருந்தன.
எங்களைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தது.
ஸ்மில்கா குரைத்தாள், விலகி நின்றாள், மறுபடி குரைத்தாள்.
இப்போது தோள்
கதவளவு அகலமாய்த் தெரிந்தது.
அவன் குழல்முனை நடுங்கியது.
மூச்சை விடு, என்றேன். பாதியில் நிறுத்து.
விட்டான். நிறுத்தினான்.

ஸ்ப்ரூஸ் கிளையொன்றை ஒடித்து
அதன் வாயில் வைத்தான், இங்கே வழக்கம்.
வைத்த பிறகும் கையை எடுக்க
கொஞ்ச நேரம் ஆனது.

என் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள்:
சுட்டவர் சொன்னது, மான் சொன்னது.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டர்.
பதினேழு மணி நேரம்.
'தோளுக்குப் பின்.'
'தோளுக்கு இரண்டு கை அகலம் பின்.'

எட்டிப் பார்த்தான்.
உள்ளங்கையை மான்தோலில் வைத்து அளந்து
"ஒன்றரை" என்றான்.
என் கையை வைத்துக் காட்டினேன். இரண்டு.
அவன் கை பெரிது.

டிசம்பரில், அதே இருட்டும் நேரம்,
ஐவிஸ்.
பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டேன்: எங்கே பட்டது?
"சுடவில்லை. பிணை ஒன்று. குறுக்காகத்தான் நின்றது.
ஆனால் ஒரு ஹேசல் கிளை,
தோள் தெரியவில்லை.
போய்விட்டது."
சரி. பிறகு எதற்குக் கூப்பிட்டாய்?
தெரியவில்லை, என்றான்.

ஸ்மில்கா அதற்குள் எழுந்து கதவருகே நின்றாள்.
படு, என்றேன்.