ஒன்றரை டிகிரி

துவாஸ் மூன்றாம் துறையில்
ஏழாண்டாய் மிதக்கிறது
மர்வாணாக் கடற்படையின் மகா கப்பல்.

பீரங்கி பெருத்தது; தளம் தடித்தது.
தளம் தடிக்க எந்திரம் போதவில்லை.
எந்திரம் மாற்ற,
போன மாதம் பற்றவைத்த சுவரை
இன்று அறுக்கிறார் ஷஃபிகுல்.
இரண்டுக்கும் ஒரே சம்பளம்.

அமைச்சர் மாறும்போதெல்லாம்
முகப்பில் பெயர் மாறும்.
நான்காவது பெயர் இன்னும் காயவில்லை.

சாய்வே இல்லை என்கிறது
குவேக்கின் கணினி.
மேல்தளத்தில் வைத்த என் தே-ஓ
இடப்பக்க விளிம்பில்
ஏறி நிற்கிறது.

ஆய்வறிக்கையில் எழுதினேன்.
‘கோப்பையை மாற்றவும்’
எனப் பதில் வந்தது, மூன்று கையெழுத்துடன்.

நேற்று வந்திறங்கியது
கடற்படை முத்திரை பொறித்த புதுக் கோப்பை.
விலை,
கப்பலின் கணக்கில்.

அதிலும் ஊற்றிப் பார்த்தேன்.