ஏழு வட்டங்கள்

யாரோ மறந்துவிட்டுப் போன வரைபடத்தில்
பென்சிலால் ஏழு வட்டங்கள்.
பெஞ்சில், ஈரத்துண்டுக்கு அடியில் கிடந்தது.
மூன்று நாள் வைத்திருந்தேன். கேட்டு யாரும் வரவில்லை.
வியாழக்கிழமை
சில்லறைப் பெட்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு
பஸ் ஏறினேன்,
சவாயியைப் பார்க்க.
நான் பிறந்த தீவு.

பதினோரு வருஷமாக எனக்கு வேலை
கறுப்புப் பாறையில் ஒரு துளைக்குப் பக்கத்தில்.
துளைக்குக் கீழே கடல்.
அலை வந்து முட்டினால்
தென்னை உயரத்துக்குத் தண்ணீர் பீறிடும்.
ஆளுக்கு ஐந்து தாலா, என்னிடம் கட்ட வேண்டும்.
பெசமினோவுக்குத் தனி.
அவன் அலையின் மூச்சை எண்ணி
தேங்காயை உள்ளே போடுவான்,
அது வானத்துக்குப் போய்த் திரும்பும்.
எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.
நான் குனிந்து சில்லறை எண்ணுவேன்.

மரத்தால் ஆன பஸ். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை,
பாட்டுச் சத்தத்துக்கு அளவு இல்லை.
இடம் இல்லாவிட்டால் மடிதான் இருக்கை.
என் மடியில் ஒரு டீச்சர்,
டீச்சர் மடியில் ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு.
எங்கே போகிறாய் ஃபுவாதினோ, யார் செத்தது?
சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன்.
பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

முதல் வட்டம் அருவி.
வாசலில் காசு வாங்குகிறவள் எனக்குச் சம்பந்தி முறை.
உன்னிடம் வாங்குவேனா என்றாள்.
வாங்கு என்றேன். மாட்டேன் என்றாள்.
கட்டணம் வாங்கியே பிழைப்பவளுக்கு
கொடுக்க விடாவிட்டால் எப்படி இருக்கும்!
ஐந்து தாலாவைக் கல்லுக்கடியில் வைத்துவிட்டு
உடுத்திய துணியோடு இறங்கினேன்.
எலும்புவரை பச்சையாய்க் குளிர்ந்தது தண்ணீர்.

இரண்டாவது, கூரையில்லாத தேவாலயம்.
எரிமலைக் குழம்பு வாசல் வழியாகவே வந்து
உள்ளே உறைந்து நிற்கிறது,
தாமதமாய் வந்து இடம் தேடுகிறவன் போல.
அங்கே என் செருப்பு அறுந்தது.

மூன்றாவது வட்டத்துக்குள் ஒரு கரண்டி வரைந்திருந்தது.
போய்ப் பார்த்தால் கடை இல்லை, ஓட்டல் இல்லை.
சூடான கற்களின் மேலிருந்து
வாழையிலையை விலக்கிக்கொண்டிருந்தாள் சினாபதி என்கிறவள்.
வழிகேட்கப் போனவளை உட்கார வைத்தாள்.
சேப்பிலையில் கட்டிச் சுட்ட தேங்காய்ப்பால்,
சுட்ட ஈரப்பலா,
எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன்.
வாராவாரம் நானும் சமைப்பதுதான்.
ஆனால் இன்னொருத்தி புகையில் கண்ணெரிந்து நின்று
இன்னொருத்தி பரிமாறி
நான் வெறுமனே சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று?
உப்பு கொஞ்சம் கம்மி. சொல்லவில்லை.
அங்கேயே தூங்கினேன்.

விடிந்ததும் மலை. சினாபதியின் செருப்பு, ஒரு சைஸ் பெரிது.
இரண்டு மணி நேரம் ஏறி எட்டிப் பார்த்தால்
பள்ளம் நிறைய மரம், மரம் நிறைய மூடுபனி.
இதற்காகவா என்று உரக்கக் கேட்டேன்.
பள்ளம் அதையே என்னிடம் கேட்டது.

ஐந்தாவதில் பஸ் நிற்கவில்லை.

ஆறாவது, தீவின் மேற்கு முனை.
மணலுக்கு வெயில் இறங்கும் நேரம்
ஊருக்குள் சங்கு ஊதியது.
ஜெப நேரம். யாரும் நடமாடக் கூடாது.
தோலுரிந்த மூக்கோடு ஒரு வெளிநாட்டுப் பெண்
என் கையைப் பிடித்து மெல்ல இழுத்து
உட்காருங்கள், இது இங்கத்திய வழக்கம் என்றாள்.
அப்படியா என்று உட்கார்ந்தேன்.
சூரியன் போனபோது
இரண்டு பேரும் பேசவில்லை.

ஏழாவது வட்டம் என் பெஞ்சு.
சனிக்கிழமை தங்கையிடம் ஐந்து தாலா நீட்டினேன்.
அவள் சிரிக்காமல் வாங்கிப் பெட்டியில் போட்டாள்,
நல்ல பிள்ளை.
கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.
பெசமினோ என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டு
ஒரு மூச்சு முன்னாலேயே போட்டுவிட்டான்.
தண்ணீர் எழுந்தது. அண்ணாந்தேன்.
உப்புத்தூறல் முகமெல்லாம்.
தேங்காய் மட்டும் வரவில்லை.

சில நேரம் கடலே வைத்துக்கொள்ளும் என்றான்.

காசு கொடுத்திருக்கிறேன் பெசமினோ,
இன்னொன்று போடு.