பதினான்காம் கட்டம்

என் விளையாட்டில் ஒரு பேருந்து உண்டு.
ஒன்பதுக்கு ஒன்பது சதுரம்,
பச்சை மலை, சாம்பல் சாலை,
எதிரே இறங்கும் லாரிகள்.
விரலால் தள்ளித் தள்ளி
உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.
இறக்கி வைக்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம்,
பிரவுசரைத் திறந்தால் போதும்.
போன மாதம் அது ஈட்டித் தந்தது
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
ஹம்பியில் இரண்டு இரவுக்கு வாடகை,
மிச்சத்துக்கு ஒரு சார்ஜர் வயர்.

ஒருவர் மட்டும்
விடியற்காலை நாலு பத்துக்கு வருகிறார்.
யாரென்று தெரியாது. சர்வர் எழுதி வைப்பது ஒரே வரி:
பழைய போன், மெதுவான இணைப்பு,
சேலம் அல்லது அதன் அருகே.
நேரே பதினான்காம் கட்டம்.
இருபது நிமிடம். தோற்கிறார். மூடுகிறார்.
மறுநாள், நாலு பத்து.

அறுபத்திரண்டு நாள் கழித்துத்தான்
வர்க்கலாவில், ஈரத் துண்டோடு உட்கார்ந்து,
நானே அதை ஆடிப் பார்த்தேன்.
முடியாது.
எவராலும் முடியாது.
ஏதோ ஒரு ரயிலில், தூக்கக் கலக்கத்தில்,
ஒரு லாரியை ஒரு சதுரம்
தள்ளி வைத்திருக்கிறேன்.

திருத்த ஒரு நிமிடம் ஆகும்.
நான் சேலத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.
கேட்ட மெர்லினிடம்
ஏற்காட்டில் இப்போது குளிர் நன்றாயிருக்கும் என்றேன்.

நாகலூரில் அறை. ஜன்னலை உரசும் காபிச் செடி.
வீட்டுக்கார பிலோமினா அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்:
"பனி எறங்குனா நெட்டு போயிரும் கண்ணு,
பனி ஏறுனா தானா வரும்."
அப்புறம், சாவியைக் கொடுக்காமல்,
"கேம் செய்யறதுக்கெல்லாமா சம்பளம் தராங்க?"
"தரலீங்க" என்றேன்.
நிம்மதியாகச் சிரித்து, முன்பணம் கேட்டார்.

நாலாம் நாள் கடைசிப் பேருந்தில் இறங்கினேன்.
வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை,
இருபதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினான்கில் ஒன்றும் நடக்கவில்லை.
பக்கத்து சீட்டுப் பையன் வாந்தி எடுத்தது
பன்னிரண்டில்.

சேலம் புது பஸ் ஸ்டாண்ட். நாலு அடிக்க ஐந்து நிமிடம்.
மடியில் லேப்டாப், எதிரே
கீழிருந்து நீலம் பூசிய முகங்கள்:
தாரமங்கலம் வண்டியின் கண்டக்டர்,
சாமந்தி மூட்டைமேல் ஒரு பெண்,
கொலுசுப் பட்டறைக்குப் போகிற இரண்டு பையன்கள்,
பால் கொதிக்கும் வரை டீ மாஸ்டர்.
நாலு பத்து.
வரி வந்தது.

எழுந்து ஒவ்வொரு தோளாக எட்டிப் பார்த்திருக்கலாம்.
சாமந்திக்காரி போனைப் பார்த்து
"அட சனியனே" என்றாள்.
தலை நிமிர்ந்தாள்.
நான் தேங்காய் பன் பாட்டிலைப் பார்த்தேன்.
சேலம் என்பது சர்வரின் ஊகம்,
மேட்டூராக இருக்கலாம், ஆத்தூராக இருக்கலாம்,
உறங்காத ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவாகவும்.

நாலு முப்பதுக்கு அவர் மூடியதும்
லாரியை ஒரு சதுரம் நகர்த்தினேன்.
டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் பதினோரு நகர்த்தலில் முடித்துவிட்டார்.
பதினைந்தாம் கட்டம் திறந்தது.
தொடவில்லை.
உச்சியில் நிற்கும் பேருந்து,
அதன்மேல் நான் வரைந்த பனி
இடமிருந்து வலமாக, மறுபடி இடமிருந்து வலமாக.
இருபது நிமிடம் அந்தத் திரை
திறந்தே இருந்தது.

அதற்குப் பின் வரவில்லை.

பதினைந்தைச் சரிபார்த்துவிட்டேன், வழி இருக்கிறது.
பிலோமினா அக்கா பாக்கிக்குப் பதில்
மிளகு ஒரு பொட்டலம் கொடுத்தார்.
ஓசூர் தாண்டி, பெங்களூர் தாண்டி,
இப்போது எங்கோ ஒரு லாட்ஜில்
விழிப்பு வந்து, விளையாட்டைத் திறக்கிறேன்.
சர்வர் எழுதுகிறது:
புதிய போன், நல்ல இணைப்பு,
தும்கூர் அல்லது அதன் அருகே,
நாலு பத்து.