பிசிறு

பிசிறு வெட்டத்தான் முதல்ல உள்ள போனது,
மங்கலம் ரோட்டுப் பனியன் கம்பெனிக்கு.
சின்னக் கத்திரி, கயிறு கோத்துக் கழுத்துல.
ஒரு டீசர்ட்டுக்கு ஏழு இடம் பாக்கோணும்:
கழுத்து, தோள் ரெண்டு, அக்குள் ரெண்டு,
அடிமடிப்பு, லேபிள்.
அப்பறம் பதினோரு வருசம் ஓவர்லாக்.
ஓரத்தப் பத்தி இனி என்ற கிட்ட
யாரு என்ன சொல்றதுன்னு இருந்தேன்.

ஆம்னி வண்டி குன்னத்தூர்ல வாங்குனது.
இஸ்கூல் பேரு அழிச்சும் அழியாம
பின்கதவுல 'ளி' மட்டும் மிச்சம்.
சீட்டக் கழட்டிட்டு மிசின் வெக்கோணும்,
பக்கவாட்டுல ஜன்னலாட்டம் தொறந்து
ஊர் ஊராப் போயி ஆல்ட்ரேசன் பண்ணோணும்.
பெருமாநல்லூர்ல வெள்ளியங்கிரி பட்டறை.
சாக்பீஸ்ல நாந்தான் கோடு போட்டேன்,
நாலடிக்கு ரெண்டரை, மூலைக்கு வளைவு விட்டு,
ரவிக்கைக் கழுத்து வரையற அதே கை.
கிரைண்டர் வெச்சாரு. பொறி பறந்துச்சு.
தகரம் பலகையாட்டம் கழண்டு வந்துச்சு,
உள்ள முழுக்க வெயிலு.

எவ்வளவு நேக்கா வெட்டியிருக்காருன்னு
ஓரத்த விரலால தடவிப் பாத்தேன்,
துணி தடவற பழக்கம்.
வலிக்கவே இல்லீங்க.
பாத்தா வெள்ளப் பெயிண்ட் மேல
மூணு சொட்டு, நாலு.

"பிசிறுங்க அம்மிணி," ன்னாரு வெள்ளியங்கிரி,
"வெட்டுனா எல்லாத் தகரத்துக்கும் வரும்."
அட, அதே பேரு.

துணிப் பிசிறு தொங்கும், ஊதுனா ஆடும்,
கண்டுக்காம விட்டா
டீசர்ட்டு தன்னைத்தானே பிரிச்சுக்கும்.
தகரப் பிசிறு எங்கியும் போகாது.
நின்ன எடத்துல நின்னுக்கிட்டு
ஒரு கை வர்றதுக்குக் காத்திருக்கும்.
ஓவர்லாக் துணியக் காப்பாத்துறதுக்கு,
இது நம்மளக் காப்பாத்துறதுக்கு.
இத்தனை வருசம் அந்தப் பக்கத்துக்கா
வேலை செஞ்சேன்னு சிரிப்பு வந்துச்சு.

பிளாஸ்திரி சுத்திக்கிட்டு அரம் போட்டேன்
பொழுது சாயற வரைக்கும், பல்லுக் கூசற சத்தம்.
அப்பறம் ரப்பர் பீடிங், கரூர்ல
பஸ்பாடிக்காரங்க போடறது, பதினோரு மீட்டர்,
உள்ள இரும்புக் கிளிப்பு.
ஓரத்து மேல கவுத்தி மரச்சுத்தியல்ல தட்டோணும்.
நேர்ல சொன்ன பேச்சுக் கேக்குது,
மூலையில எந்திரிச்சு நிக்குது.
கழுத்துக்குப் பைப்பிங் வெக்கறப்ப
வளைவுல கொஞ்சம் இழுத்துக் குடுப்போமே,
அந்த வித்தை இங்க ஆகாது.
இழுத்து வெச்சா ராத்திரியில சுருங்கி
காலையில வாயத் தொறந்துக்குது.
பின்னாலிருந்து தள்ளித் தள்ளி
நெருக்கி வெக்கோணும்.
ஜன்னல், அலமாரி, ஒயர் போற ஓட்டை,
மிசின் பலகை.

கடைசியில ஒரு ஜாண் பத்தல.
மிசின் பலகைக்கு அடியில, இருட்டு மூலை.
"அக்கட்ட யாரு கை போகப் போகுது,
விடுங்க," ன்னாரு.
விட்டிருப்பேன்.
ஆனா பாபின் உருண்டு போற எடம்
எனக்குத் தெரியும்.

ரிப் துணி நாலா மடிச்சு
சைக்கிள் சொல்யூசன் தடவி ஒட்டுனேன்.
வண்டி ஆட ஆட உள்ளிருந்து அறுத்துப் போடுது.
மாசத்துக்கொரு துண்டு.
இப்ப இருக்கறது நாலாவது, மெரூன்.

தை மாசம் வெள்ளியங்கிரியே வந்தாரு,
பேண்ட்டு ரெண்டு இஞ்சு குறைக்க.
பேசிக்கிட்டிருக்கறப்ப பாபின் விழுந்து உருண்டுச்சு.
நான் குனியறதுக்குள்ள
அவரு கைய உள்ள விட்டுட்டாரு.
கொஞ்ச நேரம் கை உள்ளயே இருந்துச்சு.
எடுத்தாரு, பாபினும் பின்னால நீளமா நூலும்.
உள்ளங்கையத் திருப்பிப் பாத்தாரு.
"எவ்வளவுங்க?"
அறுவதுன்னேன்.
அம்பது குடுத்துட்டுப் போனாரு.