தீர்மானம் பதினான்கு

வெள்ளம் வடிந்து பதினோராம் நாள்
புளியந்தோப்பில் எங்கள் கோயில் காம்பவுண்டின்
பன்னிரண்டு கடைக்காரர்களும் வந்து நின்றார்கள்.
கணுக்காலில் இன்னும் சேறு.
தையல் கடை ஏழுமலைதான் பேசினான்:
"பெரியவரு காலத்துலயே வாடகை கொஞ்சம் கனம்தான் சார்.
ஆறு மாசம் பாதியா வாங்கிக்குங்க,
அப்புறம் நாங்க எங்க போயிடப் போறோம்?"

பெரியவரின் மகன், புதுச் செயலாளர் சுகிர்தன்,
"மூணு நாள் டைம் குடுங்க" என்றார்.

மூன்று நாள்.
என் பேனா அங்கே ஒரு கணம் நின்றது.
ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம்
அந்தக் கதையை ஃபிளானல் பலகையில் ஒட்டிக் காட்டியவள் நான்.
சாலொமோன் மகனுக்கு மட்டும் கிரீடம் ஒட்டாது,
ஒவ்வொரு தடவையும் நழுவி
பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ரூபவதி டீச்சர் சொன்னார், இறங்கிப் போ தம்பி,
இன்னைக்கு நீ அவங்களுக்கு வேலைக்காரனா இரு.
ஐ.சி.எஃப். பாக்கியநாதன் இருமலுக்கு நடுவே
ஆமாம் என்று தலையாட்டினார்.
எழுதினேன்: கருத்துகள் கேட்கப்பட்டன.

மறுநாள் சுகிர்தனோடு படித்தவர்கள் வந்தார்கள்,
லேப்டாப்போடு, சமோசாவோடு.
ஸ்டீபன்சன் ரோட்டில் சதுர அடி என்ன விலை என்று
சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள்.
"உங்கப்பா தடவிக் குடுத்தாரு, நீ தட்டிக் கேளு."
எல்லாரும் கை தட்டினார்கள்.
சமோசா நன்றாகத்தான் இருந்தது. நானும் ஒன்று தின்றேன்.

தீர்மானம் பதினான்கு:
வாடகை நாற்பது சதம் உயர்த்தப்படுகிறது. ஏகமனதாக.

எனக்கு இன்னொருத்தியையும் தெரியும்.
ஊரைச் சேனை வளைத்து
மதிலை இடித்துக்கொண்டிருந்தபோது
மேலே ஏறி நின்று
"தளபதி எங்கே, கிட்ட வரச் சொல்லுங்கள்" என்று கூப்பிட்டவள்.
அவளைப் பலகையில் நான் ஒட்டியதே இல்லை,
பாடத்திட்டத்தில் அவள் வரவில்லை.
ஒரே ஒருத்தியின் யோசனையில் ஒரு பட்டணம் பிழைத்தது.
அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.
என் பெயர் இருக்கிறது,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், நீல மையில்:
ஹெப்சிபா தயாளன், பதிவுச் செயலர்.

அடுத்த மாதம் ஞாயிறு அட்டவணைப்படி
அதே அதிகாரம் வந்தது.
வாசிக்கும் முறை சுகிர்தனுடையது.
நல்ல குரல் அவருக்கு, அப்பாவின் குரல்.
தேள் என்கிற சொல் வந்த இடத்திலும்
தடுக்காமல் வாசித்தார்.
வாசித்துவிட்டு மைக்கைக் குருவானவரின் உயரத்துக்கு
கவனமாக இறக்கி வைத்தார்.
பாக்கியநாதன் மட்டும் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேதத்தில் பத்துக் கோத்திரம் போயிற்று.
இங்கே ஏழு கடை.
ஜெராக்ஸ் மும்தாஜ் பட்டாளம் பக்கம் போய்விட்டாள்.
சவப்பெட்டி லூயிஸ் போனதால்
இனி பெட்டிக்கு ஓட்டேரி போக வேண்டும்,
அந்த ஆட்டோ செலவைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று சுகிர்தன் என்னைக் கேட்டார்.

கடைசியாகப் போனவன் ஏழுமலை.
மீன்பாடி வண்டியில் மெஷினைக் கவிழ்த்து வைத்து
நூல்கண்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
கேட்டருகே என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.
கோபமெல்லாம் இல்லை.
"அந்தக் கூட்டத்துல நீங்க இருந்தீங்களாக்கா?"

இருந்தேன் என்றேன்.
எழுதிக்கொண்டு.