மூன்றாவது குழாய்

ஆய்வகத்துத் தாளில் ஒரே ஒரு வரி
தடித்த எழுத்தில் இருந்தது:
ஆர்செனிக், லிட்டருக்கு முப்பத்தொரு மைக்ரோகிராம்.
பத்துவரை பரவாயில்லையாம்.

நிறமில்லை அதற்கு. மணமில்லை. ருசியுமில்லை.
பதினோரு வருடம் நாங்கள் திட்டித் தீர்த்ததோ
பீங்கான் தொட்டியில் படிந்த துருக்கறையை,
வெந்நீர் திறந்தால் எழும் அழுகிய முட்டை வாடையை.
கண்ணுக்குத் தெரிந்ததோடேயே
மல்லுக்கட்டியிருக்கிறோம்.

நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில்
கருங்கல்லைத் துளைத்தால்தான் கிணறு.
எங்களுடையது இருநூற்றுப் பத்தடி.
வீட்டை விற்று ஆளுக்குப் பாதி என்று
டூகலும் நானும் கையெழுத்திட்ட வாரம்
வாங்குகிறவர்களின் வக்கீல் எழுதினார்:
முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

ஆர்லீன் வைனாட் வந்தாள்,
கையில் விலைப்பட்டியல், காலில் பனி அப்பிய பூட்ஸ்.
மேசையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவன்.
நடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கொதிக்கவைத்தால் போகாதா?" டூகல் கேட்டான்.
"கொதித்தால் தண்ணீர்தான் போகும்.
மிச்சத்தில் விஷம் இன்னும் அடர்ந்து நிற்கும்."
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

புற ஊதா விளக்கு? அது கிருமிக்கு.
மூட்டை மூட்டையாக உப்புத் தின்னும் எந்திரம்?
அது சோப்பு நுரைக்க.
கரி வடிகட்டி வாடையை எடுக்கும், அவ்வளவுதான்.
எங்கள் வியாதிக்கு அவளிடம் இருந்தது இரண்டு:
நிலவறையில் ஆளுயரத் தொட்டி, வீடு முழுவதற்கும்,
கிட்டத்தட்ட ஆறாயிரம் டாலர்.
அல்லது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்
ஒரு சவ்வு, ஒரு சிறு கலம்,
குடிக்கவும் சமைக்கவும் தனிக்குழாய்.
குளிக்கிற தண்ணீர் அப்படியே இருக்கலாம்,
தோல் வழியே அவ்வளவாக ஏறாது.

"ஒரு லிட்டர் நல்லது கிடைக்க
மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும்," என்றாள்.
அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா என்றாள்.

நான் பெரியது என்றேன்.
அவன் சிறியது என்றான்.
யார் என்ன சொல்வோம் என்று
சுவர்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆர்லீன் பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
"யார் குடிக்கப்போகிறார்கள்?"

வீடு பார்க்க வந்த அன்று
அந்தப் பெண் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள்.
சிறிய அறையின் அகலத்தை அடியால் அளந்தாள்.
தாகம் என்றாள்.
நான்தான் கொடுத்தேன், ஒரு தம்ளர் நிறைய.
நல்ல தண்ணீர் என்றாள்.

"பெரியதே போடலாம்," என்றான் டூகல், தரையைப் பார்த்து.
"சின்னது போதும், சீக்கிரம் வருமென்றால்," என்றேன் நான்.
அதிலும் எதிரும் புதிரும்தான்.
பெரியது வர ஆறு வாரம்,
சின்னது இந்த வியாழன், என்றாள்.
வியாழன் என்றோம், இரண்டு பேரும், ஒரே மூச்சில்.
எத்தனை நாளாயிற்று அப்படிச் சொல்லி.

முதல் கலம் நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும்,
இரண்டாவதைத்தான் குடிக்கலாம்,
என்று சொல்லிவிட்டுப் பொருத்தியவன் போனான்.
நிறைய நான்கு மணி நேரம்.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான் டூகல்.
அட்டைப்பெட்டிகளில் தட்டுகளைக் காகிதம் சுற்றி வைத்தேன்.
பிறகு அவனும் சுற்றினான்.
ஒருவருக்கொருவர் தண்ணி காட்டிய வருடங்களைப் பற்றி
ஒரு வார்த்தை எழவில்லை.
இருட்டிய பின் கொட்டினோம். மறுபடி காத்திருந்தோம்.

பெட்டியிலிருந்து இரண்டு தம்ளர் உருவினான்.
"ஒன்றுமே இல்லை இதில்," என்றான், குடித்துவிட்டு.
குறையா நிறையா என்று நான் கேட்கவில்லை.
எனக்கும் நாக்கு அந்தக் கல்லைத் தேடியது.

போகுமுன் குனிந்து, அலமாரிக் கதவின் உட்புறம்
ஒரு சீட்டு ஒட்டினான்:
வடிகட்டி மாற்ற வேண்டிய நாள், மே பன்னிரண்டு.
அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் இங்கே இல்லை.
வருடத்தைத் தப்பாக எழுதியிருந்தான்.
பேனாவை வாங்கித் திருத்தினேன்.